மலையேறிய பிளாஸ்டிக் இறங்குவதில்லை

போடிநாயக்கனூரில் பொழுது புலர்வதற்கு முன்பே ஜீப்புகள் கிளம்பிவிடுகின்றன. அடிவாரத்து முந்தலைத் தாண்டி, 17 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி, போடிமெட்டு வழியாகப் பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலை என்று கேரள எல்லைக்குள் இருக்கும் ஏலத்தோட்டங்களுக்குப் பெண்கள் தினமும் வேலைக்குப் போகிறார்கள். ஏறக்குறைய ஒவ்வொருவர் மடியிலும் ஒரு தூக்குவாளியோ டிபன் கேரியரோ இருக்கும். சோறு, துவையல், முந்தின நாள் குழம்பு எல்லாம் எவர்சில்வருக்குள். மதியம் மரத்தடியில் சாப்பிட்டுக் கழுவி எடுத்துக்கொண்டால், மாலையில் அதே பாத்திரம் வீடு திரும்பிவிடும். மலையில் எதுவும் மிச்சமாவதில்லை.

யாரும் பாடம் நடத்தி வந்த பழக்கம் இல்லை இது. பாத்திரத்தில் சோறு கெடாது, சிந்தாது, காசும் மிச்சம். அதனால் சோற்றைப் பொறுத்தவரை இந்த ஊர் இன்னும் பிளாஸ்டிக்குக்கு இடம் கொடுக்கவில்லை. டீக்கும் சாம்பாருக்கும் கறிக்கும்தான் கொடுத்துவிட்டது. வீட்டுப் பிளாஸ்டிக்கைக் குறைப்பது பற்றிப் பேசுகிறவர்கள் இந்த இடத்திலிருந்து தொடங்குவது நல்லது. பழக்கம் அழிந்துபோகவில்லை, சில பொருட்களிடம் மட்டும் தோற்றிருக்கிறது. எந்தெந்தப் பொருளிடம், ஏன் என்று பார்த்தால் திரும்பி வரும் வழியும் தெரியும்.

மலையிலிருந்து இறங்குவது ஏலக்காய். ஏறுவது அரிசி, எண்ணெய், சோப்பு, ஷாம்பூ, பிஸ்கட், உரம், பூச்சிமருந்து. இறங்கும் ஏலக்காய்க்கு எடை உண்டு, தரம் உண்டு, ஏல மையத்தில் விலையும் உண்டு. ஏறிய பொருட்களின் உறைகளுக்கு எந்தக் கணக்கும் கிடையாது. நகரத்திலாவது காலையில் குப்பை வண்டி வாசலுக்கு வருகிறது. சரிவில் ஒதுங்கிக் கிடக்கும் குடியிருப்புகளிலும் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களிலும் உறை போகும் இடம் மூன்றுதான்: வீட்டுக்குப் பின்னால் ஒரு குழி, வெந்நீர் அடுப்பு, அல்லது ஓடை.

ஓடைக்குப் போனது அங்கேயே நிற்பதில்லை. மலையின் கிழக்குச் சரிவில் விழுகிற தண்ணீர் கொட்டகுடி ஆறாகிப் போடியைத் தொட்டுக்கொண்டு தேனிப் பக்கம் ஓடி வைகையில் சேர்கிறது. 1959-இல் திறக்கப்பட்ட வைகை அணை மதுரை மக்களின் குடிநீருக்கு முக்கிய ஆதாரங்களில் ஒன்று. மேற்குப் பக்கம் பூப்பாறை வழியாக ஓடும் பன்னியாறு பெரியாற்றின் படுகையைச் சேர்ந்தது. ஒரே முகட்டின் இருபுறமும் வீசப்படும் இரண்டு பிஸ்கட் உறைகளில் ஒன்று வங்கக் கடலை நோக்கியும் இன்னொன்று அரபிக் கடலை நோக்கியும் போகிறது. வழியில் வாய்க்காலையும் மதகையும் அடைக்கிறது, மாட்டின் வயிற்றுக்குள் புகுகிறது.

மாட்டோடும் நிற்பதில்லை. மூணாறு மக்கள் 'படையப்பா' என்று பெயர் வைத்திருக்கும் காட்டு யானை, ஊரின் குப்பைக் கிடங்குக்குள் நுழைந்து காய்கறிக் கழிவோடு பிளாஸ்டிக்கையும் சேர்த்துத் தின்றது பலமுறை செய்தியாகியிருக்கிறது. 2025 மே மாதம் கோவை மருதமலை அடிவாரத்தில் கர்ப்பிணி யானை ஒன்று இறந்தது. உடற்கூறாய்வில் அதன் வயிற்றில் பிளாஸ்டிக் கழிவு இருந்தது. யானைக்குப் பிளாஸ்டிக் மேல் ஆசையில்லை. மிச்சக் குழம்பும் பழத்தோலும் கவருக்குள் முடிச்சுப் போட்டு வீசப்படுவதால், உணவைத் தேடும் வாய் கவரோடு விழுங்குகிறது. மக்கும் குப்பையையும் மக்காத குப்பையையும் ஒரே முடிச்சில் கட்டாமல் இருந்தாலே இந்தச் சாவுகளில் சிலவற்றைத் தவிர்க்கலாம்.

சட்டத்துக்குக் குறைவில்லை. தமிழ்நாடு 14 வகைப் பிளாஸ்டிக் பொருட்களை 2019 ஜனவரி 1 முதல் தடை செய்தது. ஒன்றிய அரசு 2022 ஜூலை 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் சில பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை விதித்தது. கேரளம் 2020 தொடக்கத்திலேயே தன் தடையைக் கொண்டுவந்தது. கொடைக்கானலில் ஐந்து லிட்டருக்கு உட்பட்ட தண்ணீர், குளிர்பான பாட்டில் ஒவ்வொன்றுக்கும் 20 ரூபாய் பசுமை வரி வந்தது. 2025 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம், மேற்குத் தொடர்ச்சி மலையின் தமிழகப் பகுதி முழுமைக்கும் 28 வகைப் பிளாஸ்டிக்கைத் தடை செய்து உத்தரவிட்டது. மூணாறு உள்ளிட்ட கேரள மலைச் சுற்றுலாத் தலங்களுக்கு அம்மாநில உயர் நீதிமன்றம் விதித்த தடையும் 2025 அக்டோபர் 2-ஐத் தொடக்க நாளாகக் கொண்டது. காலையில் போடியில் ஏறி மாலையில் போடியில் இறங்கும் ஒரு தொழிலாளி ஒரே நாளில் இரண்டு மாநிலங்களின் தடைகளுக்குள் போய்வருகிறார். இருந்தும் கவர் கையில் இருக்கிறது. கடைக்காரர் கொடுக்கிறார், வாங்குகிறவர் மறுப்பதில்லை. அபராதம் விதிக்கும் அதிகாரி அந்தக் கல்லாவின் முன்னால் எப்போதும் நிற்க முடியாது.

பிளாஸ்டிக் குறைகிற இடம் குப்பைத் தொட்டி இல்லை, கடையின் கல்லாதான். வீட்டுக்குள் வந்துவிட்ட கவரை என்ன செய்தாலும் அது இரண்டாம் பட்சமே. உலகம் முழுவதும் உருவான பிளாஸ்டிக் கழிவில் மறுசுழற்சியானது 9 சதவீதம் மட்டுமே என்று 2019-ஆம் ஆண்டுக்கான பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பின் (ஓஇசிடி) கணக்கு சொல்கிறது. பிரித்துப் போட்டுவிட்டோம், யாரோ எங்கோ உருக்கி மறுபடி செய்துவிடுவார்கள் என்ற நம்பிக்கைக்கு இதுதான் விடை.

முதலில் டீ. மாலையில் வீட்டுக்கு நான்கு டீ பார்சல் என்றால், கொதிக்கக் கொதிக்க ஒரு மெல்லிய கவரில் ஊற்றி, ரப்பர் பேண்ட் போட்டு, கூடவே நான்கு பேப்பர் கப்பும் தருகிறார்கள். பேப்பர் கப் என்றால் காகிதம் என்று பலர் நம்புகிறார்கள். அதன் உள்பக்கம் பாலித்தீன் பூச்சு. அதனால்தான் 2019 தடைப் பட்டியலிலேயே பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப் இடம்பெற்றது. அதை எதிர்த்துப் போன உற்பத்தியாளர்களின் வழக்கில் 2023-இல் உச்ச நீதிமன்றமும் தடையை உறுதி செய்தது. காரக்பூர் ஐஐடி ஆய்வாளர்கள் இத்தகைய கப்பில் 100 மில்லி சுடுநீரை ஊற்றி 15 நிமிடம் வைத்துப் பார்த்தார்கள். ஏறத்தாழ 25,000 நுண்பிளாஸ்டிக் துகள்கள் நீரில் கலந்திருந்தன. கவரில் ஊற்றிக் கட்டிய டீயை நாள்தோறும் குழந்தைகளுக்குக் கொடுக்கும் வீடுகள் இந்த எண்ணை ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டும்.

தீர்வு வீட்டுப் பரணிலேயே இருக்கிறது. அரை லிட்டர் தூக்குவாளி ஒன்று போதும். டீக்கடைக்காரருக்கும் இதில் நட்டமில்லை. கவரும் கப்பும் அவர் காசு.

சாம்பாரும் சட்னியும் அப்படித்தான். நான்கு இட்லிக்கு ஒரு வாழையிலைத் துண்டு, அதன் கீழே ஒரு பிளாஸ்டிக் தாள், சாம்பாருக்கு ஒரு கவர், சட்னிக்கு இரண்டு, எல்லாவற்றையும் போட ஒரு கேரி பேக் என்று இலை போக ஐந்து பிளாஸ்டிக் துண்டுகள் வீட்டுக்கு வருகின்றன. பத்து நிமிடத்தில் ஐந்தும் குப்பை. சாம்பார் ஒட்டிய கவரைப் பழைய இரும்புக் கடையிலும் எடுக்க மாட்டார்கள். சின்னமனூரும் கம்பமும் வாழை விளைவிக்கும் பள்ளத்தாக்கு. இலைக்குப் பஞ்சமில்லாத ஊரில் இலைக்கடியில் பிளாஸ்டிக் தாள் விரிப்பதை ஓட்டல்காரர்கள் கைவிடலாம். வாடிக்கையாளர் டிபன் கேரியரோடு வந்தால் விலையில் இரண்டு ரூபாய் குறைத்துக்கொள்வதாக ஒரு பலகை எழுதி வைத்தால், ஒரே மாதத்தில் கூட்டம் பாத்திரத்தோடு வரும்.

கறியும் கவரில்தான் வீட்டுக்கு வருகிறது. ஞாயிற்றுக்கிழமைக் கறிக்கடை வரிசையைப் பார்த்தால் இன்னொன்று புரியும். நிற்பவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். மாலை பார்சல் வாங்கி வருகிறவர்களும் அநேகமாக அவர்களே. விடியற்காலையில் எழுந்து சோறு கட்டிக்கொண்டு ஜீப்பேறும் பெண் தன் பங்கைப் பாத்திரத்தில் செய்துவிட்டாள். ஆனால் பிளாஸ்டிக் குறைப்பு பற்றிய அறிவுரைகள் எல்லாம் 'இல்லத்தரசிகளே' என்றுதான் தொடங்குகின்றன. இது நியாயமில்லை. வண்டியின் பெட்டியில் மழைக்கோட்டு இருக்கிற இடத்தில் ஒரு மூடி போட்ட டப்பாவும் மடித்த துணிப்பையும் இருக்க வேண்டும். அதை வைக்கவும் மறக்காமல் எடுக்கவும் வேண்டியது வண்டி ஓட்டுகிறவரின் வேலை.

பை விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. 2021 டிசம்பர் 23 அன்று 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தைத் தமிழக அரசு தொடங்கியது. பத்து ரூபாய் போட்டால் மஞ்சப்பை தரும் இயந்திரங்களும் பின்னர் வந்தன. நல்ல முயற்சி. ஆனால் ஒவ்வொரு முறையும் புதுப் பை வாங்கினால் அதில் பயன் இல்லை. பருத்தி விளையத் தண்ணீர் வேண்டும், பூச்சிமருந்து வேண்டும், நூற்கவும் நெய்யவும் மின்சாரம் வேண்டும். பிரிட்டனின் சுற்றுச்சூழல் முகமை 2011-இல் வெளியிட்ட கணக்குப்படி, ஒரு பருத்திப் பை புவி வெப்பமாதல் பாதிப்பில் சாதாரண பிளாஸ்டிக் பையைவிட மேலானதாக இருக்க 131 முறை பயன்பட வேண்டும். தாம்பூலப் பை வாங்காமல் கல்யாண வீட்டிலிருந்து திரும்பிய குடும்பம் இந்தப் பக்கத்தில் கிடையாது. அலமாரியில் ஏற்கெனவே இருக்கும் பைகளே பல வருடத்துக்குப் போதும். குறைவது பை இல்லை, கிளம்பும்போது எடுக்கும் கை. செருப்பு மாட்டும் இடத்தில் ஆணியடித்து இரண்டு பைகளைத் தொங்கவிட்ட வீடுகளில் இந்த மறதி குறைகிறது.

இதுவரை சொன்னதெல்லாம் எளிது. கடினமானது ஷாம்பூ பாக்கெட்.

இந்தியாவை ஆளும் சிறு பாக்கெட்டின் பிறந்த வீடு தமிழ்நாடு. கடலூரைச் சேர்ந்த சின்னி கிருஷ்ணன், பெரிய பாட்டில் வாங்க முடியாதவர்களுக்கும் பொருள் சென்று சேர வேண்டும் என்று ஷாம்பூவைச் சிறு உறைகளில் அடைத்து விற்க வழி கண்டார். அவருடைய மகன் சி.கே.ரங்கநாதன் 1983-இல் 15,000 ரூபாய் முதலீட்டில் தொடங்கிய சிக் ஷாம்பூ அந்த வழியைப் பட்டிதொட்டியெல்லாம் கொண்டுபோனது. கூலிக்காரரின் கையில் மாதச் சாமான் வாங்கும் தொகை ஒருபோதும் சேர்ந்து நிற்பதில்லை. அன்றன்றைக்கு வாங்கித்தான் வாழ முடியும். பாக்கெட் அந்த வாழ்க்கைக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. 'பெரிய பாட்டிலாக வாங்குங்கள், பிளாஸ்டிக் குறையும்' என்று நாள்கூலிக் குடும்பத்துக்குச் சொல்வது அவர்கள் வரவு செலவு தெரியாத பேச்சு.

ஆனால் அந்த உறையின் தன்மையும் தெரிய வேண்டும். பாலியெஸ்டர், அலுமினியப் படலம், பாலித்தீன் என்று வெவ்வேறு அடுக்குகள் பிரிக்க முடியாதபடி ஒட்டப்பட்டிருக்கும். பால் கவரைக் கழுவிக் காயவைத்துச் சேர்த்தால் பழைய இரும்புக் கடையில் எடைக்கு எடுத்துக்கொள்வார்கள். ஷாம்பூ உறையையும் சிப்ஸ் உறையையும் எவரும் வாங்குவதில்லை. விலையில்லாத குப்பையைக் குனிந்து பொறுக்கவும் ஆளில்லை. மலைச் சரிவில் கண்ணில் படும் மினுமினுப்பான துண்டுகள் பெரும்பாலும் இவைதான்.

இங்கே வீட்டுப் பழக்கம் பாதிதான் செய்ய முடியும். சீயக்காயும் அரப்பும் இன்னும் அரைபடும் வீடுகளில் அதைத் தொடரலாம். எண்ணெயைச் செக்கில் பாட்டில் கொடுத்து வாங்கலாம். மசாலாவை மில்லில் அரைத்து வைத்துக்கொள்ளலாம். மீதிப் பாதி கடைக்காரரிடமும் கம்பெனியிடமும் இருக்கிறது. தெருமுனைக் கடையில் ஒரு பெரிய கேனில் ஷாம்பூவும் பாத்திரம் துலக்கும் திரவமும் வைத்து, சின்ன பாட்டிலோடு வருகிறவருக்கு ஐந்து ரூபாய்க்கும் அளந்து ஊற்ற முடியும். சீமை எண்ணெயையும் நல்லெண்ணெயையும் அப்படித்தான் இதே கடைகள் ஒரு காலத்தில் விற்றன. சிறு தொகைக்குச் சிறு அளவு என்ற ஏழையின் வசதி அப்படியே இருக்கும், உறை மட்டும் இருக்காது. 2016-ஆம் ஆண்டின் பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகள், உறையைச் சந்தையில் விடும் நிறுவனமே அதைத் திரும்பப் பெறும் பொறுப்பையும் ஏற்க வேண்டும் என்கின்றன. அந்தப் பொறுப்பு காகிதத்தில் நிற்காமல் போடிமெட்டு வரை ஏற வேண்டும்.

ஏலமலைக்கே உரிய ஒரு பழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். மருந்தடித்து முடிந்த காலி டப்பாக்கள் சில வீடுகளுக்கு வந்துவிடுகின்றன. உறுதியான டப்பா, மூடி நன்றாக இறுகும் என்று தண்ணீருக்கும் மண்ணெண்ணெய்க்கும் விதைக்கும் பயன்படுத்துகிறார்கள். மறுபயன்பாடு நல்லதுதானே என்று எண்ணலாம். இந்த ஒன்றில் அது ஆபத்து. ஏலம் பூச்சிமருந்து அதிகம் தேவைப்படும் பயிர். டப்பாவின் உள்சுவரில் படிந்த மருந்து எத்தனை முறை கழுவினாலும் முழுதாகப் போகாது. டப்பாவை மூன்று முறை அலசி, அலசிய நீரைத் தெளிப்பான் தொட்டியிலேயே ஊற்றி, யாரும் மறுபடி எடுக்காதபடி ஓட்டை போட்டுத் தோட்டத்திலேயே தனியாகச் சேர்த்துவைப்பதே முறை. அது தோட்ட உரிமையாளரின் கடமை, தொழிலாளியின் தலையில் விழக்கூடாது.

எரிப்பதும் அதைப்போலத்தான். வெந்நீர் அடுப்பைப் பற்றவைக்க ஒரு கவரைச் சுருட்டிச் செருகுவது பல வீடுகளில் அனிச்சையாக நடக்கிறது. பிவிசி கலந்த பிளாஸ்டிக் எரியும்போது டையாக்சின் என்ற கடும் நச்சு வெளிப்படும். அடுப்பின் முன் குந்தியிருப்பவரும் அருகே படுத்திருக்கும் குழந்தையும்தான் முதலில் அதைச் சுவாசிக்கிறார்கள். கொல்லையில் குவித்துக் கொளுத்துவதைத் திடக்கழிவு மேலாண்மை விதிகளும் தடுக்கின்றன. மாசி, பங்குனியில் இந்தச் சரிவின் புல் எவ்வளவு விரைவாகத் தீப்பற்றும் என்பதை 2018 மார்ச்சில் குரங்கணியில் இருபதுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட காட்டுத்தீக்குப் பிறகு இந்த ஊருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

மறுத்தும் மாற்றியும் போக மிஞ்சி வருவதைப் பிரித்துக் கொடுப்பதற்கு உள்ளூரிலேயே வலுவான காரணம் ஒன்று உண்டு. மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் ரா.வாசுதேவன், கழிவுப் பிளாஸ்டிக்கைத் துண்டாக்கிச் சூடான ஜல்லியின் மேல் தூவினால் அது உருகிப் பூச்சாகப் படிந்து தாருடன் இறுகப் பிடிக்கிறது என்று 2000-களின் தொடக்கத்தில் காட்டினார். 2018-இல் பத்மஸ்ரீ பெற்ற அவருடைய முறையில் தமிழ்நாட்டில் ஏராளமான சாலைகள் போடப்பட்டிருக்கின்றன. ஒற்றைவழிச் சாலையில் ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு டன் பிளாஸ்டிக் போகிறது. எவரும் விலைக்கு வாங்காத பல அடுக்கு உறையும் இதில் பயன்படும். நிபந்தனை ஒன்றுதான், அது சுத்தமாகவும் உலர்ந்தும் இருக்க வேண்டும். குழம்பு ஒட்டிய கவர் சாலைக்கும் உதவாது. பால் கவரின் மூலையை முழுதாக நறுக்கி எறியாமல், துண்டு கவரோடு ஒட்டியிருக்கும்படி வெட்டுவதும் இதில் சேர்த்தி. தனியே விழும் அந்தச் சிறு முக்கோணத்தை எந்தக் கையும் திரும்ப எடுப்பதில்லை.

மலையின் மேல் இருப்பவர்களுக்கு இதெல்லாம் எப்படி? கேரளப் பக்கத்தில் ஹரித கர்ம சேனைப் பெண்கள் வீடு வீடாகப் போய், மாதம் ஒரு சிறு கட்டணம் பெற்றுக்கொண்டு, கழுவிக் காயவைத்த பிளாஸ்டிக்கை வாங்கிக்கொள்கிறார்கள். தமிழகச் சரிவின் ஊராட்சிகளிலும் தூய்மைக் காவலர்கள் இருக்கிறார்கள், ஆனால் வண்டி ஏறாத இடங்கள் பல. அங்கே ஜீப் ஏறுகிறது. ஒவ்வொரு லயத்திலும் ஒரு காலி உரச்சாக்கு. உலர்ந்த உறை மட்டும் அதில். சம்பள நாளில் அது ஜீப்பின் மேல் கட்டப்பட்டு முந்தலுக்கு இறங்க வேண்டும். அங்கே எடை போட்டு வாங்கிக்கொள்ள உள்ளாட்சி அமைப்பு ஒரு கொட்டகை வைக்கலாம். கிலோவுக்கு ஒரு சிறு தொகை கொடுத்தால் ஜீப் ஓட்டுநருக்கும் சாக்கு நிரப்பியவருக்கும் பங்கிடலாம். காசு திரும்பக் கிடைத்தால் பொருளும் திரும்பும் என்பதற்குச் சான்று நீலகிரியில் இருக்கிறது. டாஸ்மாக் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தரும் திட்டம் உயர் நீதிமன்ற உத்தரவால் 2022-இல் அங்கே தொடங்கியது. விற்ற பாட்டில்களில் மிகப் பெரும்பாலானவை திரும்பி வந்ததால்தான் அது மற்ற மாவட்டங்களுக்கும் விரிந்தது. கண்ணாடிக்குச் செய்ய முடிந்ததைத் தண்ணீர் பாட்டிலுக்கும் செய்யலாம்.

தண்ணீர் பாட்டில் என்றதும் நினைவுக்கு வருவது கல்யாண மண்டபம். இப்போதெல்லாம் ஒவ்வொரு இலைக்கும் கால் லிட்டர் பாட்டில் ஒன்று வைப்பது கௌரவமாகிவிட்டது. இரண்டு வாய் குடித்துவிட்டு எழுந்துவிடுகிறார்கள். ஆயிரம் இலை விழும் பந்தியில் ஆயிரம் பாட்டில், அதில் பாதிக்கு மேல் தண்ணீரோடு குப்பைக்குப் போகிறது. தாளை விரித்து, அதன் மேல் இலை போட்டு, பந்தி முடிந்ததும் மிச்சச் சோற்றோடு சுருட்டி எறியும் பிளாஸ்டிக் விரிப்பும் 2019 முதலே தடை செய்யப்பட்ட பொருள்தான். இதை முடிவு செய்வது நகராட்சியோ நீதிமன்றமோ இல்லை, பெண் வீடும் மாப்பிள்ளை வீடும் உட்கார்ந்து சமையல்காரரிடம் சாமான் பட்டியல் எழுதும் அந்த ஒரு மணி நேரம். வாடகைப் பாத்திரக் கடையில் எவர்சில்வர் டம்ளர் எத்தனை நூறு வேண்டுமானாலும் கிடைக்கும். பாட்டிலுக்குக் கொடுக்கும் தொகையில் டம்ளர் வாடகையும், கழுவுகிறவருக்கு ஒரு நாள் கூலியும் அடங்கிவிடும். வரும் ஆவணி, தை முகூர்த்தங்களுக்கு மண்டபம் பதிவு செய்யும் குடும்பங்கள் அந்தப் பட்டியலில் பாட்டிலை அடித்துவிட்டு டம்ளர் என்று எழுதலாம்.